93 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

"பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடல்மொழிக்கும் 55. ஆக, சொல் அல்லாதவற்றுக்கு 93. எனவே பிள்ளைகளுக்கு முதலில் கையசைவைக் கற்றுக்கொடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்கள் ஓர் ஆய்வாளர் சொன்னவைதான். அவற்றுக்கு இங்கே கொடுத்திருக்கும் பொருள்தான் தவறு.

உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை ஒட்டவைத்துப் பிறந்த கணக்கு இது. அவற்றில் யாரும் மேடையேறிப் பேசவில்லை, கதையும் சொல்லவில்லை. ஒலிப்பதிவு செய்த ஒற்றைச் சொற்களைக் கேட்கவைத்தார்கள். ஓர் ஆய்வில் 'ஒருவேளை' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்தான். அதைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். உணர்வையும் மனப்பாங்கையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறார்.

எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் என்றால், மின்சாரம் போன இரவில் முகம் தெரியாமல் பாட்டி சொன்ன கதை பாதிக்கு மேல் நமக்கு வந்து சேர்ந்திருக்காதே! (ஜப்பானிய மொழிச் சொற்பொழிவும் 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டும்.)

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பார்க்கிறேன்: யாரோ எழுதிக்கொடுத்த உரை, வரிக்கு வரி பழக்கிவைத்த கையசைவு. இடையில் ஒன்று மறந்தால் குழந்தை அப்படியே விழித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. அதே குழந்தையைத் தன் தெருவில் நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். கை தானாகவே அசையும்.