திட்டம் முடியும்வரை அதிகாரியை மாற்றாதீர்கள்

பொறியியல் படித்து முடித்த இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: திட்ட மேலாண்மையில் ஆர்வம் உள்ளவர்கள் அரசு வேலைக்குப் போனால் அந்த ஆர்வம் வீணாகிவிடாதா? நிச்சயம் வீணாகாது. ஒரு வட்டாரமே எதிர்பார்த்துக் காத்திருக்கும் பாலத்தையோ குடிநீரையோ பாசனத்தையோ முடித்துக் கொடுக்கும் வாய்ப்பு அரசுப் பணியில்தான் அதிகம். ஆனால் அந்த வேலையை ஒரு தனித் திறமையாக நம் அரசுகள் இன்னும் மதிக்கவில்லை. அரசுப் பொறியியல் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

உதவிப் பொறியாளராகச் சேர்பவருக்குக் கம்பி கட்டுவதும் கான்கிரீட் தரமும் தெரியும். பதவி உயர்ந்து செயற்பொறியாளர் ஆனதும் அவர் கையில் ஒரு முழுத் திட்டம் வந்து சேர்கிறது. அங்கே கான்கிரீட் சிறு பகுதிதான். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, நில எடுப்பு, வனத்துறை அனுமதி, ரயில்வே அனுமதி, சாலையோர மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாய்களையும் இடம் மாற்றுவது, மார்ச் மாதத்துக்குள் நிதியைச் செலவிடுவது என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எதை முதலில் தொடங்க வேண்டும், எது தாமதமானால் எது நிற்கும் என்று கணக்கிட அவருக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுப்பதில்லை. மேலதிகாரியைப் பார்த்துப் பழகிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அத்திக்கடவு அவினாசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட மக்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவந்தது. 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரை காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் குழாய். பம்பு வாங்குவதும் குழாய் வாங்குவதும் பணம் இருந்தால் நடந்துவிடும். அந்தக் குழாய் போகும் வழியில் எத்தனை பட்டா நிலங்கள், எத்தனை தென்னந்தோப்புகள், எத்தனை குடும்பங்கள்! உரிமையாளர் ஒருவர் சம்மதிக்காவிட்டால் சில நூறு மீட்டர் குழாய் நின்றுபோகும். அந்தச் சில நூறு மீட்டருக்காக மொத்தத் தண்ணீரும் காத்திருக்கும். அந்த உரிமையாளரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவருடைய பயம் என்னவென்று கேட்டு, இழப்பீட்டுக் கோப்பை வருவாய்த் துறையில் பின்தொடர்ந்து முடிக்கிறவரே உண்மையான திட்ட மேலாளர்.

இப்படிப்பட்டவரைத்தான் நடுவில் இடமாறுதல் செய்துவிடுகிறோம். நாற்று விட்டவர் ஒருவர், நட்டவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்றால் விளைச்சலுக்கு யார் பதில் சொல்வது? புதிதாக வருபவர் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பருவமழை போய்விடும். முன்னவர் விவசாயிக்கு வாய்மொழியாகக் கொடுத்த உறுதி எந்தக் கோப்பிலும் இருக்காது. ஆட்சிப் பணி அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலத்தை உறுதி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் சொன்னது. களத்தில் நிற்கும் பொறியாளருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

ஒரே ஆளிடம் பொறுப்பை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் வாழ்க்கையே சாட்சி. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பேற்ற அந்த இளம் பொறியாளர் 46 நாட்களில் முடித்தார். பின்னர் 1997 முதல் 2011 வரை டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக இருந்தார். முதல் கட்டத்தின் 65 கிலோமீட்டரையும் குறித்த காலத்துக்கு முன்பே முடித்தது அந்த நிறுவனம். அலுவலகங்களிலும் தளங்களிலும் மீதமுள்ள நாட்களைக் காட்டும் பலகைகளை மாட்டி வைத்திருந்தார்கள். அவருடைய நேர்மையையும் உழைப்பையும் எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளையும், முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்திருந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே மனிதரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் டெல்லி மெட்ரோ என்ன ஆகியிருக்கும்?

தணிக்கை பற்றிய பயமும் இருக்கிறது. துணிந்து ஒரு முடிவெடுத்தவரிடம் ஓய்வு பெற்ற பிறகும் விளக்கம் கேட்பார்கள். கோப்பைக் கிடப்பில் போட்டவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தணிக்கை அவசியம், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. முடிவெடுக்காமல் வீணாக்கிய மாதங்களுக்கு ஆன கூடுதல் செலவையும் அதே கண்டிப்போடு கணக்கெடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிரிட்டனில் பெரிய அரசுத் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கிறார்கள். நாடாளுமன்றக் குழு முன்பு அவரே பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தர 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சிக்கூடமும் தொடங்கினார்கள். நம் ஊர்ச் சூழலுக்கு ஏற்ப இங்கேயும் செய்யலாம். தேர்வாணையம் வழியாக வரும் பொறியாளர்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, நில எடுப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், காலத் திட்டமிடல், மக்களிடம் பேசும் முறை ஆகியவற்றில் ஓராண்டு பயிற்சி கொடுங்கள். ஒரு திட்டத்தில் அமர்த்தினால் அது முடியும்வரை மாற்றாதீர்கள். நடுவில் வரும் பதவி உயர்வை அதே இடத்திலேயே கொடுங்கள். தளத்தில் வைக்கும் பலகையில் ஒப்பந்ததாரர் பெயருக்குப் பக்கத்தில் அந்த அதிகாரியின் பெயரையும் எழுதுங்கள்.