20 மெகாபிக்சல் எல்லாம் ஒன்றல்ல
தம்பி, "இரண்டு கமராவும் 20 மெகாபிக்சல், படமும் ஒன்றுதான், மலிவானதை வாங்குங்கள்" என்று நீங்கள் சொல்வது சரியில்லை. பார்க்க வேண்டியது சென்சரின் (கமராவுக்குள் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லின்) அளவு. மலிவான சிறிய கமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். 1 அங்குலச் சென்சர் (பெயரில்தான் அங்குலம்) 13.2க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு; லென்ஸின் f எண் (துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்) ஒன்றாக இருந்தால் ஒளியும் அவ்வளவு கூடப் பிடிக்கும்.

பாசிக்குடாக் கடற்கரையில் பட்டப்பகலில் பெரிய வித்தியாசம் தெரியாது. பொழுதுபட்ட பிறகு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் போகும் தோணியை எடுத்துப் பாருங்கள். சின்னச் சென்சரில் தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிடக்கும், தோணிக்காரரின் முகம் கரைந்துவிடும்.

அப்புறம், டிஜிட்டல் சூமையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான். ஒப்டிகல் சூம் (லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது) எத்தனை மடங்கு என்று கேட்டு வாங்குங்கள்.