ஸ்டிக் டிரிஃப்டுக்கு நாம ஏன் காசு கட்டணும்?

கேம் கண்ட்ரோலரை சோபா மேல வெச்சிட்டு தண்ணி குடிக்கப் போனேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல, திரும்பி வந்து பாத்தா என் கேரக்டர் தானா இடது பக்கம் நடந்து போயி பாறை விளிம்புல இருந்து விழுந்து செத்துப் போச்சு. ஒருத்தரும் ஸ்டிக்கைத் தொடல. முக்கா மணி நேரம் கஷ்டப்பட்டு சேத்தது மொத்தமும் காலி. வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு, ஏன்னா இது என்னன்னு தெரியும், ஒரு மாசமாவே லேசா லேசா காட்டிட்டு தான் இருந்துச்சு, மெனுல கர்சர் தானா ஒரு படி மேல ஏறும், கேமரா மெதுவா ஒரு பக்கமா சாயும், நம்ம கை தான் பட்டுருக்கும்னு விட்டுட்டேன். ஸ்டிக் டிரிஃப்ட், அதாவது கட்டை விரலால தள்ளுற அந்த ஸ்டிக்கை யாரும் தொடாமலே தள்ளுன மாதிரி கேமுக்குத் தெரியறது. இது எனக்கு மூணாவது கண்ட்ரோலர், மூணும் இதே வியாதில தான் போச்சு. பட்டன் போகல, பேட்டரி போகல, ஒரு தடவை கூட கீழ போட்டது கெடையாது.

வாங்கி ஒரு வருஷம் பத்தொம்பது நாள் ஆகுது. வாரன்டி ஒரு வருஷம். பில்லை எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனா கவுன்டர்ல இருந்தவரு வாங்கிக் கூட பாக்கல, "சார் இது வேர் அண்ட் டேர், வாரன்டி இருந்தாலும் டவுட்டு தான், உள்ள தூசி போயிருக்கும், நீங்க ரொம்ப அழுத்தி ஆடுவீங்க போல, புதுசு வாங்கிக்கோங்க சார்"ங்கறாரு. சரி, ஸ்டிக்கை மட்டும் மாத்திக் குடுங்க, காசு தரேன்னு கேட்டேன். ஸ்பேர் பார்ட்டுன்னு தனியா ஒண்ணும் வர்றதில்லையாம். நூறு ரூபா கூட பெறாத ஒரு சின்ன பார்ட்டு போனதுக்கு ஆறாயிரம் ரூபா பொருளை தூக்கிப் போட்டுட்டு இன்னொரு ஆறாயிரம் குடுக்கணும். என் சம்பளத்துல ஆறாயிரம்னா ரெண்டு மாசம் கணக்கு போட்டு ஒதுக்குற காசு, அதை மறுபடி அதே பார்ட்டு இருக்குற இன்னொரு பொட்டிக்கு எப்படிங்க குடுப்பேன்?

எனக்கு கோவம் வந்தது காசுக்காக மட்டும் இல்ல. "நீங்க அழுத்தி ஆடுவீங்க போல"ன்னு சொன்னாரு பாருங்க, அந்த வார்த்தைக்கு. தப்பு எங்க மேலயாம். அதனால இது ஏன் கெட்டுப்போகுதுன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், அடுத்த தடவை உங்ககிட்ட யாராவது இப்படி சொன்னா பதில் சொல்றதுக்காவது உதவும்.

பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர்ல எல்லாம் வால்யூம் குமிழைத் திருகுனா கரகரன்னு சத்தம் வரும் பாத்திருக்கீங்களா, அந்த குமிழுக்குக் கீழ இருக்குறது பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் பூசுன ஒரு சின்ன பட்டை, அது மேல உரசிக்கிட்டே நகர்ற ஒரு உலோகக் கம்பி, கம்பி எந்த இடத்துல இருக்கோ அதுக்கேத்த மாதிரி வோல்டேஜ் மாறும். உங்க கண்ட்ரோலர் ஸ்டிக்குக்குள்ள இருக்குறதும் அதே சமாச்சாரம் தான், ஒரு ஸ்டிக்குக்கு ரெண்டு, ஒண்ணு இடம் வலம் பாக்குறதுக்கு, இன்னொண்ணு மேல கீழ பாக்குறதுக்கு. உரசிக்கிட்டே இருந்தா கார்பன் தேயும், தேஞ்ச பொடி அங்கேயே தங்கும், நடுவுல ஸ்டிக்கை இழுத்து நிறுத்துற ஸ்பிரிங்கும் நாளாக ஆக தளரும், அப்புறம் ஸ்டிக் நடுவுல நின்னாலும் வோல்டேஜ் நடுவுல நிக்காது, கேமுக்கு நீங்க லேசா இடது பக்கம் தள்ளுற மாதிரியே தெரியும். ஸ்டிக் ஒவ்வொரு தடவையும் வந்து நிக்கிறது நடுவுல தானே, நாள் பூரா அதைத் தாண்டி தாண்டி போயிட்டு வர்றதால தேயறதும் முதல்ல அந்த இடம் தான். வெளிய இருந்து தூசி வரணும்னே அவசியம் இல்ல, உள்ளயே தூசி உண்டாகுது. அழுத்தி ஆடினாலும் மெதுவா ஆடினாலும் ஆடினா தேயும், அவ்ளோ தான்.

எவ்ளோ நாள் தாங்கும்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. சோனியோட பிஎஸ் 5 கண்ட்ரோலரை 2021ல ஐஃபிக்ஸிட்னு பொருளைப் பிரிச்சு ரிப்பேர் சொல்லித் தர்ற ஆளுங்க பிரிச்சுப் பாத்தாங்க, உள்ள இருந்தது ஆல்ப்ஸ் கம்பெனி ஸ்டிக், அதைத் தயாரிக்கிறவங்களே குடுக்குற ஆயுசு 20 லட்சம் சுத்து. கேக்கறதுக்கு பெரிய நம்பரா இருக்கும். ஆனா வார்ஸோன் மாதிரி சுடுற கேம், ஷூட்டர்னு சொல்வாங்க, அதை ஆடும்போது நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணிப் பாத்து, சுமார் 417 மணி நேரத்துல அந்த ஆயுசு முடிஞ்சிரும்னு கணக்கு சொன்னாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு வெச்சா ஏழு மாசம். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆடுற சாதாரண ஆளுக்கு ஏழு மாசம்! எல்லாருக்கும் கரெக்டா ஏழாவது மாசம் போகும்னு இல்ல, சிலருக்கு மூணு வருஷம் கூட தாங்குது. ஆனா தேயும்னு செஞ்சவங்களுக்கே தெரிஞ்ச ஒரு பொருள் தேஞ்சா, ஆடினவனைக் குத்தம் சொல்றது எந்த ஊரு நியாயம்?

இதுக்கு மருந்து இல்லாம இருந்தா கூட பொறுத்துக்கலாம். மருந்து இருக்கு. ஹால் எஃபெக்ட் சென்சார். உரசுற கம்பி கெடையாது, கார்பன் கெடையாது, ஸ்டிக்கோட அடியில ஒரு காந்தம் நகரும், அது எங்க இருக்குன்னு சென்சார் தொடாமலே கண்டுபிடிக்கும், தொடாததால தேயறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. இதுக்கு அடிப்படையான ஹால் எஃபெக்டை எட்வின் ஹால் கண்டுபிடிச்சது 1879ல. சேகா ட்ரீம்காஸ்ட்ங்கற கேம் கன்சோல் ஜப்பான்ல வந்தது 1998ல, அந்த கண்ட்ரோலர்லயே இது இருந்துச்சு, இன்னைக்கும் பழசு வாங்குறவங்க கையில அந்த ஸ்டிக் நடுவுல நிக்குது. இப்ப டிஎம்ஆர்னு அடுத்த தலைமுறை சென்சாரும் வந்துருச்சு, அதுவும் காந்தம் தான், ஆனா கரென்ட்டு இன்னும் கம்மியா குடிக்கும், பேட்டரி பிரச்சனைன்னு சாக்கு சொல்றதுக்கும் வழி இல்ல. ஹால் ஸ்டிக்கும் சாகாவரம் வாங்கினது இல்ல, ஸ்பிரிங் அதுலயும் தளரும், மலிவா செஞ்சா நடுவுல துல்லியம் கெடும், ஒத்துக்கறேன். ஆனா கார்பன் தேஞ்சு கேரக்டர் தானா நடக்குற கதை அதுல நடக்காது. 8பிட்டோ, குலிகிட், கேம்சர்னு சின்ன கம்பெனிங்க எல்லாம் இதைப் போட்டு பாதி விலைக்கு விக்கிறாங்க, பெரியவங்களால முடியலன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

நின்டெண்டோ கதையை எடுங்க. அவங்களோட ஸ்விட்ச் கன்சோல் வந்தது 2017 மார்ச்ல, அதோட கண்ட்ரோலர் பேரு ஜாய்கான், ஜாய்கான் டிரிஃப்ட்டுன்னு உலகம் பூரா கத்தினாங்க, 2019ல அமெரிக்கால கேஸ் போட்டாங்க, 2020 ஜூன்ல பங்குதாரர் கூட்டத்துல கம்பெனி தலைவர் ஃபுருகாவாவே எந்திரிச்சு மன்னிப்பு கேட்டாரு. 2021 ஜனவரில ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு கிட்டத்தட்ட 25,000 புகாரை சேத்து ஐரோப்பிய கமிஷன்கிட்ட குடுத்துச்சு, 2023ல அங்க வாரன்டி முடிஞ்சாலும் இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. அது அங்க. இந்தியால ஸ்விட்ச் அதிகாரபூர்வமா விக்கிறதே இல்ல, இங்க வாங்கினவன் எந்தக் கதவைத் தட்டுவான்? இவ்ளோ நடந்த பிறகு 2025 ஜூன்ல ஸ்விட்ச் 2 வருது, பிரிச்சுப் பாத்தா ஜாய்கான் 2லயும் அதே பொட்டென்ஷியோமீட்டர். பிரிச்சுக் காட்டின அந்த வீடியோவைப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சோனி 2023 ஜனவரில டூயல்சென்ஸ் எட்ஜ் கொண்டு வந்தாங்க, அதுல ஸ்டிக்கை மட்டும் கழட்டி மாத்திக்கலாம், மாட்டுற ஸ்டிக் ஒண்ணு 20 டாலர், கண்ட்ரோலர் 200 டாலர். கழட்டி மாட்டுற மாதிரி செய்ய முடியும்னு அவங்களே நிரூபிச்சிட்டாங்க, ஆனா அதை விலை கூடின மாடல்ல மட்டும் வெச்சாங்க, அதுலயும் உள்ள இருக்குறது தேயற ஸ்டிக்கே தான். சாதாரண கண்ட்ரோலர்ல அதே ஸ்டிக்கை 14 இடத்துல சால்டர் பண்ணி போர்டோட ஒட்டி வெச்சிருக்காங்க.

கேம் ஆடாதவங்க வீட்ல கேக்கறாங்க, லேசா நகர்ந்தா என்ன இப்போன்னு. என் அம்மாவே கேட்டாங்க. ஷூட்டர்ல எதிரி தலை தூரத்துல ஒரு மிளகு சைஸுக்கு தெரியும், அதுக்கு நேரா வெச்சு மூச்சைப் பிடிச்சு நிக்கும்போது குறி தானா நழுவுனா அந்த ரவுண்டே போச்சு, கூட ஆடுற நாலு பேரும் நம்மளத் தான் திட்டுவான். ரேஸ்ல நேர் ரோட்டுல வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும், ஒவ்வொரு லாப்பும் கட்டை விரலால எதிர்ப்பக்கம் பிடிச்சே ஓட்டணும், அரை மணி நேரத்துல விரல் மரத்துப் போயிரும். ஒளிஞ்சு ஒளிஞ்சு போற ஸ்டெல்த் கேம்ல சுவருக்குப் பின்னாடி சும்மா நிக்கிறோம், நம்ம கேரக்டர் தானா வெளிய போயி காவல்காரன் முன்னாடி நிக்கிறான். ஃபுட்பால்ல பாஸ் குடுக்குற திசை மாறும். ஒரு கேரக்டரா கதைக்குள்ள வாழ்ந்து ஆடுற ஆர்பிஜில ரெண்டு பதில்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், கர்சர் தானா நகர்ந்து தப்பான பதில் விழுந்து, நாப்பது மணி நேரம் கூட வந்த ஒரு கேரக்டரு கோச்சுக்கிட்டு கதையை விட்டே போயிருச்சு எனக்கு. ஃபைட்டிங் கேம் ஆடுறவங்க மட்டும் தப்பிச்சாங்க, அவங்க டி-பேட்னு சொல்ற திசை பட்டன்லயோ ஆர்கேட் ஸ்டிக்லயோ ஆடுவாங்க.

இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் டெட்ஸோனை ஏத்து. ஏத்தினேன். டெட்ஸோன்னா நடுவுல இவ்ளோ தூரம் வரைக்கும் ஸ்டிக் அசைஞ்சாலும் கண்டுக்காதேன்னு கேமுக்கு சொல்றது. அஞ்சுல இருந்து இருவதுக்கு ஏத்தினா டிரிஃப்ட் மறையும், கூடவே லேசா மெதுவா குறி நகர்த்துற அந்த நுணுக்கமும் மறையும், ஒண்ணு அசையாது இல்லன்னா வெடுக்குன்னு தாவும். நாலு வருஷம் கையில பழகின பழக்கம் மொத்தமும் மாறிப் போச்சு. சில கேம்ல அந்த செட்டிங்கே கெடையாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டு சுத்தம் பண்ணியும் பாத்தேன், மூணு வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

கடைசில சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். உள்சந்துல மாடியில ஒரு சின்ன கடை, ஒரு டேபிள், ஒரு சால்டரிங் ஸ்டேஷன், ஒரு அண்ணன். கண்ட்ரோலரைப் பாத்த உடனே "லெஃப்ட் ஸ்டிக்கா தம்பி"ன்னாரு. எப்படிண்ணா தெரியும்னேன். "வர்றது எல்லாம் இதே தான் தம்பி"ன்னு சொல்லி கீழ ஒரு டப்பாவை இழுத்துக் காட்டினாரு, கழட்டிப் போட்ட பழைய ஸ்டிக் மட்டும் டப்பா நெறைய கெடக்கு. எல்லா கம்பெனியோடதும். இவ்ளோ பேரும் அழுத்தி ஆடினவங்களா? பதினாலு இடத்துலயும் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, போர்டு கருகாம பழசைக் கழட்டி, ஹால் ஸ்டிக் ரெண்டு பக்கமும் போட்டு, லேப்டாப்ல பிரவுசர்லயே கேலிபரேஷன், அதாவது ஸ்டிக்கோட நடுப்புள்ளியை சரியா செட் பண்ணிக் குடுத்தாரு. நாப்பது நிமிஷம், 1,400 ரூபா. சர்வீஸ் சென்டர்ல வாய்ப்பே இல்லன்னு சொன்ன வேலை இது. தொட்டுப் பாக்காம வெச்சா ஸ்டிக் எவ்ளோ நகர்ந்துச்சுன்னு காட்டுற நம்பர் சைபர்ல நிக்குது, நாலு மாசமாச்சு, இன்னும் சைபர்ல தான் நிக்குது.

ஆனா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துல இல்லாதவன் என்ன பண்ணுவான்? திருவாரூர்ல இருக்குற என் ஃப்ரெண்டு கூரியர்ல அனுப்பிட்டு ரெண்டு வாரம் காத்திருந்தான். பிசில ஆடுறவங்க ஹால் கண்ட்ரோலர் வாங்கி மாட்டிக்கலாம், பிஎஸ் 5 கேமுக்கு அதெல்லாம் அப்படியே சேராது, லைசென்ஸ் வாங்கின கண்ட்ரோலர் தான் வேணும், அதோட விலை நமக்கு எட்டாது. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, ஃபோன், டிவி, வண்டி, டிராக்டர் கம்பெனிங்க எல்லாம் ரிப்பேர் விவரத்தை அங்க வைக்கணும்னு. கண்ட்ரோலரையும் அதுல இழுக்கணும், ஸ்டிக் மாட்யூலைத் தனியா விக்கணும், டிரிஃப்டுக்கு மட்டுமாவது மூணு வருஷம் வாரன்டி குடுக்கணும். இதை எழுதி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போட்டிருக்கேன், நீங்களும் போடுங்க, ஒருத்தன் போட்டா ஒரு புகார் தான்.

என் தங்கச்சி கண்ட்ரோலர் வாங்கி பத்து மாசம் ஆகுது. நேத்து சும்மா மாட்டி டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், சைபர்ல நிக்க வேண்டிய ரைட் ஸ்டிக் தொடாமலே 0.07 காட்டுது. வீடியோ எடுத்து வெச்சிட்டேன், பில்லு இருக்கு, பாக்ஸ் இருக்கு, வாரன்டில இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு அவளையும் கூட்டிக்கிட்டு அதே கவுன்டர்ல போய் நிக்கப் போறேன்.