‘சின்ன அணிகளை எதிர்த்து ஓடியவன்’ என்று எழுதியவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை இரவு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பருவ இறுதி ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா பௌல் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பாய்சி ஸ்டேட் கல்லூரியின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) அஷ்டன் ஜென்டியைப் பற்றி நம் குழுவில் ஒருவர் எழுதியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். “முப்பது முறை பந்தை வாங்கி வெறும் 104 யார்டு. சின்ன அணிகளை எதிர்த்து ஓடியவன், பெரிய அணி எதிரே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. ஹைஸ்மன் வாக்காளர்கள் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.” அதன் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அதில் பாதிப் பேர் எனக்கு நெருக்கமானவர்கள். படித்துவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருது 2024ஆம் ஆண்டில் அஷ்டன் ஜென்டிக்குக் கிடைத்திருக்க வேண்டும். டிசம்பர் 14ஆம் தேதி நியூயார்க்கில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் பெயரை அறிவித்தபோதும் அதைத்தான் சொன்னேன். பென் ஸ்டேட்டிடம் பாய்சி ஸ்டேட் 31-14 என்று தோற்ற பிறகும் அதையேதான் சொல்கிறேன். அந்தத் தோல்விக்கும் இந்த விருதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாக்குச்சீட்டுகள் எல்லாம் பௌல் ஆட்டங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த ஆட்டங்களைப் பார்க்காமல் போட்ட வாக்கை, அந்த ஆட்டத்தின் முடிவை வைத்து எப்படிச் சரி என்கிறீர்கள்?

சரி, பௌல் ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்கலாம் என்கிறீர்களா? அப்படியானால் எல்லோருக்கும் சேருங்கள். அதற்கு மூன்று நாள் முன்பு அலமோ பௌலில் கொலராடோ, பி.ஒய்.யு. கல்லூரியிடம் 36-14 என்று தோற்றது. அன்று இரவு டிராவிஸ் ஹன்டரின் சாயம் வெளுத்தது என்று ஒருவராவது எழுதினீர்களா? நான் தேடிப் பார்த்தேன், ஒருவரும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் கூடாது. ஏனென்றால் ஓர் அணியின் தோல்வி ஒரு வீரரின் பருவம் முழுவதையும் அழித்துவிடாது. இந்த நியாயத்தை ஹன்டருக்குக் கொடுத்த நீங்கள் ஜென்டிக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

வாக்களித்தவர்கள் முன்னால் இருந்த ஜென்டியின் கணக்கு இதுதான். பதின்மூன்று ஆட்டங்கள், 2,497 யார்டுகள், ஓடியே எல்லைக்கோட்டைத் தாண்டி எடுத்த 29 டச் டவுன்கள். முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா சதர்னுக்கு எதிராக 267 யார்டும் ஆறு டச் டவுனும். ஓர் ஆட்டத்தில்கூட நூறு யார்டுக்குக் கீழே இறங்கவில்லை. நீங்கள் கேலி செய்கிற அந்தக் கடைசி ஆட்டத்திலும் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உட்டா ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதியிலேயே 186 யார்டு ஓடிவிட்டார். அணி நன்றாக முன்னிலையில் இருந்ததால் இரண்டாம் பாதியில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் எந்தப் பயிற்சியாளராவது அப்படிச் செய்வாரா?

எண்களை விடுங்கள். எதிரணிக்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாய்சி ஸ்டேட்டை எதிர்த்து ஆடிய ஒவ்வோர் அணிக்கும் பந்து யார் கைக்குப் போகும் என்பது திங்கட்கிழமையே தெரியும். வாரம் முழுவதும் அதற்காகவே பயிற்சி எடுத்துக்கொண்டு, தடுப்பு வரிசையில் எட்டுப் பேரை நெருக்கி நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அப்படியும் நிறுத்த முடியவில்லை. இடித்தார்கள், பிடித்தார்கள், அவர் கால்கள் நிற்கவில்லை. முதல் ஆள் தொட்ட இடத்தில் விழுந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொல்வீர்கள். மவுன்டன் வெஸ்ட் லீக் அணிகள்தானே, சின்ன அணிகள்தானே.

ஓரிகான் சின்ன அணியா? செப்டம்பர் 7ஆம் தேதி அவர்களுடைய மைதானத்திலேயே 192 யார்டும் மூன்று டச் டவுனும் எடுத்தார். பருவம் முழுவதும் ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடத்தில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குள் நுழைந்த அணி அது. அந்த அணி பாய்சி ஸ்டேட்டை 37-34 என்று, கடைசி வினாடியில் உதைத்த ஃபீல்டு கோலால்தான் வென்றது. அதில் ஓரிகானின் இரண்டு டச் டவுன்கள் உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடி எடுத்தவை. அவர்களுடைய தடுப்பு வரிசை ஜென்டியை நிறுத்தி வெல்லவில்லை. வாக்காளர்கள் பார்க்க விரும்பிய ‘பெரிய அணி’ தேர்வு முடிந்து, மதிப்பெண்ணும் வந்து, மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை மறந்துவிட்டு டிசம்பரில் ‘யாரை எதிர்த்து ஆடினார்’ என்று கேட்டார்கள்.

ஹன்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என்னைப் பொறாமைக்காரன் என்பீர்கள். அற்புதமான வீரர். 92 பந்துகளைப் பிடித்து 1,152 யார்டு, 14 டச் டவுன். மறுபக்கம் கார்னர்பேக் என்ற தடுப்பு இடத்தில் நின்று, எதிரணி எறிந்த பந்தைப் பறித்த நான்கு இடைமறிப்புகள். தாக்குதல், தடுப்பு இரண்டு பக்கமும் ஆட்டம் முழுவதும் நிற்பது இந்தக் காலத்தில் யாரும் செய்யாதது. 1997இல் சார்லஸ் வுட்சன் பெய்டன் மேனிங்கை முந்தி விருது வாங்கியபோதுகூட அவர் முக்கியமாகத் தடுப்பு வீரர்தான். ஹன்டரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருதின் வேலை புதுமையைக் கொண்டாடுவதா, அந்த ஆண்டில் ஆட்டத்தை அதிகம் ஆண்டவரைக் கண்டுபிடிப்பதா?

ஹன்டரின் ஆதரவாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் கல்லூரி ஆட்டத்தைத் தொடங்கியது, முதல் தட்டுக்குக் கீழே ஆடும் ஜாக்சன் ஸ்டேட்டில். அங்கே பயிற்சியாளராக இருந்த டியான் சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் பயிற்சியாளராகப் போனபோது அவருடன் போனார். ஒருவேளை ஜாக்சன் ஸ்டேட்டிலேயே இருந்து, இதே பிடிகளையும் இதே இடைமறிப்புகளையும் அங்கே செய்திருந்தால் இந்தக் கோப்பை கிடைத்திருக்குமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். கிடைத்திருக்காது. ஆள் ஒருவர்தான், கால்கள் ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு. நான் சொல்வது இதைத்தான். சட்டைக்குத்தான் வாக்குப் போடுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1956இல் நோட்ர டேம் அணி இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. அந்த அணியின் பால் ஹார்னங்குக்கு ஹைஸ்மன் கொடுத்தார்கள். சிரக்யூஸின் ஜிம் பிரவுன் ஐந்தாமிடம். இந்த ஆட்டத்தின் மாபெரும் ஓட்டக்காரர்களில் ஒருவரான ஜிம் பிரவுன்! 1992இல் சான் டியேகோ ஸ்டேட்டின் மார்ஷல் ஃபால்க் இரண்டாமிடம், மயாமியின் ஜீனோ டொரெட்டாவுக்கு விருது. 2000இல் நம் ஊர்ப் பக்கத்து டி.சி.யு. கல்லூரியின் லடேனியன் டாம்லின்சன் 2,158 யார்டு ஓடியும் நான்காமிடம். 1990இல் பி.ஒய்.யு.வின் டை டெட்மருக்குப் பிறகு, பெரிய லீக்குகளுக்கு வெளியே இருந்து ஒருவர்கூட அந்தக் கோப்பையைத் தூக்கவில்லை. ஃபால்க்கும் டாம்லின்சனும் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். வாக்களித்தவர்கள் யாரும் வருத்தம் தெரிவித்ததாக நான் படிக்கவில்லை.

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று புரியும். ஜென்டி இங்கே டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் லோன் ஸ்டார் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அப்பா கடற்படையில் இருந்ததால் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர், இங்கே வந்து சேர்ந்தார். எங்கள் மகள் அப்போது அவளுடைய பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தாள். அவளைக் கூட்டிப் போய்க் கூட்டி வரும் சாக்கில்தான் வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்த ஆட்டத்தையே நான் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ‘டவுன்’ என்றால் என்ன என்பதிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஜென்டி ஆடிய ஓர் ஆட்டமும் அப்படிப் பார்த்ததுதான். மூன்று பேர் மேலே தொங்க, நான்காவது ஆளை இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அப்போதும் ஆள் எடுக்கும் நிபுணர்கள் அவருக்குக் கொடுத்தது ஐந்தில் மூன்று நட்சத்திரம். பெரிய கல்லூரிகள் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கவில்லை. பாய்சி ஸ்டேட் கூப்பிட்டது, போனார். பெயர் வந்த பிறகு பெரிய இடங்கள் பெரும் பணத்தோடு கூப்பிட்டபோது, போகவில்லை. தன்னை முதலில் நம்பிய இடத்திலேயே நின்றார். அதற்குத் தண்டனைதான் இந்த இரண்டாமிடம்.

‘உள்ளூர்ப் பாசம்’ என்று ஒருவர் எழுதுவார், தெரியும். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோபம் பாசத்தால் வந்தது இல்லை.

நான் படித்தது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் சொன்னால் மதுரையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. படிப்பு முடித்துச் சென்னைக்கு ஒரு நேர்முகத்துக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். உள்ளே கூப்பிட்டார்கள். கேட்ட கணக்கை எல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அதுவரை திறக்காத என் சான்றிதழைத் திறந்தார். கல்லூரிப் பெயரைப் பார்த்தார். “உங்கள் பக்கம் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவார்கள், இல்லையா?” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கரும்பலகையில் நான் போட்ட கணக்கு இன்னும் அழிக்கப்படாமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. பிறகு வேறு வேலை கிடைத்தது, நன்றாகத்தான் இருக்கிறேன், அது வேறு கதை. ஆனால் ‘சின்ன அணிகளை எதிர்த்துத்தானே ஓடினான்’ என்று நீங்கள் எழுதும்போது எனக்குக் கேட்கிறது அந்தக் குரல்தான். முன்னால் நடந்ததைப் பார்க்காமல் முகவரியைப் பார்க்கிற குரல்.

இதைவிட வலிப்பது, கைதட்டியவர்களில் பலர் என்னைப் போன்ற கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதுதான். ‘எந்தக் கல்லூரி?’ என்ற கேள்விக்கு முன்னால் நாக்கு உலர்ந்து நின்றவர்கள் நீங்கள். உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

“பாரி சாண்டர்ஸின் சாதனையைக்கூட முறியடிக்கவில்லையே” என்று இன்னொருவர். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் 2,628 யார்டு ஓடினார், அதுவும் பதினோரு ஆட்டங்களில். அவருடைய பௌல் ஆட்டத்து 222 யார்டை அந்தக் காலத்து விதிப்படி சேர்க்கவேயில்லை. சாண்டர்ஸ்தான் பெரியவர், இதில் எனக்கு வாதமே இல்லை. ஜென்டி பதினான்கு ஆட்டங்களில் 2,601இல் நின்றார். ஆனால் கல்லூரி ஆட்டத்தின் முதல் தட்டு வரலாறு முழுவதிலும் அவருக்கு மேலே ஒரே ஒரு பெயர் இருக்கிறது, இடைவெளி 27 யார்டு. இதைக் குறையாகச் சொல்ல உங்களால் எப்படி முடிகிறது? அந்த ஆண்டில் அவருக்குப் பக்கத்தில்கூட வேறு எவரும் இல்லை.

“வாக்காளர்களுக்கு உன்னைவிட அதிகம் தெரியும்” என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 870 ஊடகக்காரர்கள், ஆறு வட்டாரங்களுக்குத் தலா 145 பேர். அவர்களோடு முன்பு விருது வாங்கியவர்கள். நாடு முழுவதும் சமமாகப் பிரித்திருக்கிறோம் என்கிறார்கள். பாய்சியின் ஆட்டம் இரவு தொடங்கினால் கிழக்குக் கரையில் நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். அங்கே எத்தனை பேர் விழித்திருந்து நான்கு காற்பகுதியையும் பார்த்தார்கள்? முதலிட வாக்குகள் ஹன்டருக்கு 552, ஜென்டிக்கு 309. மொத்தப் புள்ளிகள் 2,231க்கு 2,017. அந்த 309 பேர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் என்று நான் நம்புகிறேன். மற்ற எல்லோரும் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்காளரும் தன் சீட்டைப் பெயரோடு வெளியிட்டு, எத்தனை ஆட்டம் முழுதாகப் பார்த்தார் என்றும் எழுதட்டும். அதற்குப் பிறகு ‘தெரியும்’ என்ற சொல்லை அவர்களுக்குத் தரலாம்.

சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருது அவருக்குக் கிடைத்தது, மேக்ஸ்வெல் விருதும் கிடைத்தது, போதாதா என்று ஒருவர் சமாதானம் சொல்கிறார். ஹன்டருக்கும் வேறு விருதுகள் கிடைத்தனவே, அவருக்கு யாராவது அதைச் சொல்லித் தேற்றினீர்களா?

என்னோடு வாதம் செய்ய வருபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஓரிகான் ஆட்டம் முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள், துண்டுக் காணொளி வேண்டாம். ஜென்டியை எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனையாவது ஆள் கீழே தள்ளினார் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, ஹன்டர்தான் என்று சொன்னால் எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன். பார்க்காமல் ‘சின்ன அணிகள்’ என்று மறுபடி எழுதுபவர்களுக்கு இனி இங்கே பதில் எழுத மாட்டேன், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.