பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதாது

அண்ணை, "டெங்குக் காய்ச்சலில் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல் நின்றால் இரத்தம் உறைவதில் பிரச்சினையே இல்லை, வேறு சோதனையெல்லாம் காசு பிடுங்கத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை) துண்டும் கையுமாகத்தான் இருப்போம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் இரத்தம் உறைவதைப் பற்றி அந்தத் துண்டில் இருப்பது பிளேட்லெட்டின் எண்ணிக்கை மட்டும். இரத்தம் உறைய ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களும் வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை ஈரலில் உருவாகின்றன. டெங்கு கடுமையாகி ஈரல் பழுதுபட்டாலோ, இரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலை (ஷாக்) நீடித்தாலோ அவை குறையும். அதைக் காட்டுவது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள். ஆகவே கடுமையான நோயாளிக்கு வைத்தியர் அவற்றை எழுதினால் அது வீண் செலவு இல்லை. சாதாரண காய்ச்சல்காரர் எல்லோருக்கும் அவை தேவையில்லை என்பது வேறு கதை.

கோவிட்டில் நிலைமை தலைகீழ். பிளேட்லெட் ஓரளவு சரியாக இருக்கும்போதே நுரையீரலில் இரத்தம் கட்டியாக உறையலாம், அங்கே டி-டைமர் (உறைந்த இரத்தம் கரையும்போது வரும் புரதத் துணுக்கு) பார்ப்பார்கள். அப்புறம், டி-டைமர் கூடினால் இரத்தக்கட்டி நிச்சயம் என்று பயப்படவும் வேண்டாம். தொற்று, கர்ப்பம், முதுமை எதிலும் அது கூடும்.

டெங்கில் பிளேட்லெட்டை விட பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பாருங்கள், இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவதை அதுதான் சொல்லும். இரத்தம் கசியாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதும் வழக்கமில்லை.