வயதுபோன அம்மா அப்பாவுக்கு விண்டர் விடுமுறை: கப்பலா, ஹோட்டலா?

நேரம் மாற்றி, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியதும் கனடாவில் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கமுள்ள எங்கள் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். இந்த விண்டருக்கு அம்மா அப்பாவை எங்கேயாவது வெயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பிள்ளைகளில் ஒருவர் குரூஸ் என்கிற கப்பல் சுற்றுலா என்பார், இன்னொருவர் மெக்சிக்கோவின் கன்கூனில் ஹோட்டல் என்பார், வட்சப்பில் விலைகள் ஓடித் திரியும், போகப்போகிற அந்த இரண்டு பேரிடமும் கடைசியில்தான் கேட்பார்கள். கொஞ்ச நாளாக என்னிடமும் பலர் இதைக் கேட்கிறார்கள், ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலே சொல்கிறேன். எழுபதைத் தாண்டி, பிரஷர், சலரோகம், இதயம் என்று இரண்டு மூன்று வருத்தங்களுக்கு மருந்து எடுக்கிறவர்களுக்குக் கப்பல் வேண்டாம். ஒரே இடத்தில், கடற்கரையோரம், ஒழுங்கான ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற ஹோட்டல்தான் நல்லது.

கப்பலுக்குச் சார்பாகச் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெட்டியை ஒரு தரம் பிரித்தால் போதும், லிஃப்டில் ஏறி இறங்கினால் சாப்பாடு, பாட்டு, நடனம், கோப்பிக் கடை எல்லாம் கிடைக்கும், நடைபாதை முழுக்கப் பிடித்து நடக்கக் கம்பி இருக்கும். ஐந்து மாதமாக ஜன்னலால் ஸ்னோவைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த மனுசருக்கு அவ்வளவு சனத்தைக் காண்பதே ஒரு சந்தோசம். எல்லாம் சரியாக நடந்தால் கப்பலைப் போல வசதி வேறெங்கும் இல்லை. நான் பயப்படுவது ஏதாவது ஒன்று பிழைத்துப் போகிற நாளை நினைத்துத்தான். வயதுபோன ஆக்களுக்கு அப்படியொரு நாள் வருவது பெரிய அதிசயமும் இல்லை.

முதலில் போய்ச் சேருகிற பாட்டைப் பாருங்கள். கரிபியன் குரூஸ் பெரும்பாலும் மயாமி, ஃபோர்ட் லோடர்டேல், போர்ட் கனவரல் என்று புளோரிடாவிலிருந்துதான் புறப்படும். தை மாதத்தில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரு ஸ்னோ புயல் அடித்தால், விமானத்துக்கு ஐஸ் உருக்கி முடிக்கவே எத்தனை மணித்தியாலம் போகும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் புறப்படுகிற கப்பல் உங்களுக்காகக் காத்து நிற்காது. அதனால் முதல் நாளே போய் அங்கே ஒரு ஹோட்டலில் தங்கவேண்டும். பியர்சனிலேயே அமெரிக்கக் குடிவரவு வரிசை, அடுத்த நாள் துறைமுகத்தில் இன்னொரு வரிசை, அப்புறம் பாதுகாப்புச் சோதனை. திரும்புகிற அன்றைக்கும் விடியவே எழும்பி, காலைச் சாப்பாட்டோடு அறையை விட்டு வெளிக்கிட வேண்டும். பெட்டியை முதல் நாள் இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அதற்குள் மருந்துப் பையையும் வைத்துவிட்டால் அன்றிரவு மருந்துக்கு என்ன செய்வது? ஹோட்டலுக்குப் போகிறவர்களுக்கு விமானம் ஆறு மணித்தியாலம் பிந்தினாலும் அறை அங்கேயே இருக்கும், ஒரு நேரச் சாப்பாடுதான் போகும்.

விசா விசயத்தை எங்கள் ஆட்களில் பலர் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். கனடியப் பாஸ்போர்ட் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்து நிற்கிற பெற்றோரும், பிஆர் என்கிற நிரந்தரவாசி கார்டோடு இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் புளோரிடாவில் கப்பல் ஏற அமெரிக்க விசா எடுத்தே ஆகவேண்டும், அதற்கு நேர்முகம் கிடைக்கவே நீண்ட காலம் பிடிக்கிறது. கனடா பிஆர் உள்ளவருக்கு மெக்சிக்கோவுக்கு விசிற் விசா தேவையில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே பல குடும்பங்களுக்குக் கேள்வி முடிந்துவிடும்.

அறையைப் பற்றி விளம்பரப் படங்களில் தெரியாத ஒன்று இருக்கிறது. சாதாரண கபினில் பாத்ரூம் வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் இருப்பதற்காக. இரவு இரண்டு மூன்று தரம் எழும்பிப் போகிற அப்பாவுக்கு, தூக்கக் கலக்கத்தில், கப்பலும் மெல்ல ஆடிக்கொண்டிருக்க, அந்தத் தடுப்பு கால் இடறுகிற இடம். வீல்செயர் ஆட்களுக்கென்று தடுப்பில்லாத, அகலக் கதவுள்ள கபின்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு கப்பலில் அவை கொஞ்சம்தான், முன்கூட்டியே போய்விடும். மூன்று பேருக்கு ஒரே கபின் என்றால் மூன்றாவது கட்டில் பெரும்பாலும் மேலேயிருந்து இறக்குகிற தட்டு, அதில் யார் ஏறிப் படுப்பது? துணை இழந்து தனியாக இருக்கிற அம்மாமாருக்கு இன்னொரு அநியாயம். கட்டணம் இரண்டு பேர் கணக்கில்தான் போடுவார்கள், தனியே போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரைக்கும் கேட்பார்கள். அதற்கு மேல் கப்பல் ஊழியருக்கான டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது அமெரிக்க டொலர் தானாகவே கணக்கில் ஏறும். முதலில் கண்ட மலிவு விலை கடைசியில் மலிவாக இருக்காது.

கடல் விசயம். குளிர்காலத்தில் சூறாவளி இல்லை, அது ஆனியிலிருந்து கார்த்திகை வரைக்கும்தான். அதனால் கடல் அமைதி என்று நினைக்கவேண்டாம். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும்போது புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையே ஓடுகிற வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று வீசும், அப்போது அலை செங்குத்தாக எழும்பும். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் கருவி இருக்கிறது, நடுப்பகுதியில் கீழ்த் தளத்துக் கபின் எடுத்தால் இன்னும் குறையும். இருந்தாலும் தலைசுற்றுக்காரருக்கு அது போதாது. உடனே எல்லாரும் கிராவோல் என்கிற பயண வாந்தி மாத்திரையைக் கொடுங்கள் என்பார்கள். தயவுசெய்து வயதுபோன ஆக்களுக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள டைமென்ஹைட்ரினேற் தூக்கத்தையும் மனக்குழப்பத்தையும் கொடுக்கும், புரஸ்டேட் உள்ளவருக்குச் சலம் அடைக்கும், கிளக்கோமா என்கிற கண் அழுத்த வருத்தத்தில் சில வகைக்குக் கூடாது. குழம்பிய தலையோடு, ஆடுகிற தரையில், அந்தப் பாத்ரூம் தடுப்பைத் தாண்டுவதை யோசித்துப் பாருங்கள்.

இறங்கி ஊர் பார்க்கலாம் என்பதும் எல்லா இடத்திலும் சரிவராது. நாசோ, கொசுமெல் போன்ற இடங்களில் கப்பல் நேரே துறையில் கட்டும். கிராண்ட் கேமனில் அப்படியில்லை, கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் மாறிப் போகவேண்டும். 2025 ஏப்ரலில் அங்குள்ள மக்கள் வாக்கெடுப்பில் குரூஸ் கப்பல்துறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே இப்போதைக்கு இது மாறப்போவதில்லை. கடல் கொந்தளித்தால் வீல்செயரைப் படகில் ஏற்ற மறுக்கலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இறங்கிப் போக அம்மா கபினில் தனியே இருந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் மனதைப் பிசைகிறது.

வருத்தம் வந்தால்? கப்பலில் டொக்டரும் நர்ஸ்மாரும் இருக்கிறார்கள், ஈசிஜி, ஒட்சிசன், அவசர மருந்து எல்லாம் உண்டு. ஆளை நிலைப்படுத்துவது அவர்கள் வேலை. மாரடைப்புக்கு அடைப்பு எடுப்பதோ உடைந்த இடுப்பைச் சத்திரசிகிச்சை செய்வதோ அங்கே நடக்காது, அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அது எந்தத் தீவு என்பது உங்கள் கையில் இல்லை. பார்த்ததற்கான பில்லை உங்கள் கபின் கணக்கில் போடுவார்கள், பிறகு நீங்கள்தான் இன்சூரன்ஸோடு மல்லுக்கட்ட வேண்டும். வயிற்றோட்டம் கொண்டுவருகிற நோரோ வைரசைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எந்தக் கப்பலில் பரவியது என்று பெயரோடு வெளியிடுகிறது. எல்லா நோரோப் பரவல்களிலும் கப்பல்களின் பங்கு ஒரு சதவீதம்தான் என்றும் அதே சிடிசி சொல்கிறது, ஆகவே கப்பல் என்றால் கட்டாயம் வருத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சலம் கூடப் போவதற்கு மாத்திரை எடுக்கிற, சிறுநீரகம் பலவீனமான ஒருவருக்கு இரண்டு நாள் வயிற்றோட்டமே பெரிய ஆபத்து. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், சனிடைசர் நோரோவுக்குச் சரியாக வேலை செய்யாது.

இன்சூரன்ஸைப் பற்றி இரண்டு தெரிவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எங்கள் சனம் கூட அடிபடுகிறது. ஒன்ராறியோ அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்குக் கூடியது 400 கனேடிய டொலர்தான் கொடுக்கும், அதுவும் தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு, சாதாரண வாட்டுக்கு 200, தங்காமல் பார்த்துவிட்டு வந்தால் 50 வரைக்கும். ஒரு இரவு அவசரப் பிரிவுக்கே ஆயிரக்கணக்கில் பில் போடுகிற இடத்தில் இது எந்த மூலைக்கு? தனியார் இன்சூரன்ஸ் எடுத்தாலும், பயணத்துக்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ பழைய வருத்தம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை பல பொலிசிகளில் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்குக் குடும்ப டொக்டர் பிரஷர் மாத்திரையை ஐந்து மில்லிகிராமிலிருந்து பத்துக்குக் கூட்டினார், அவ்வளவுதான். இன்சூரன்ஸ்காரர் அதை மாற்றம் என்றே எடுத்தார், அந்த வருத்தத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று நேரே சொல்லிவிட்டார். மருந்தைக் குறைத்தாலும் சில பொலிசிகளில் மாற்றம்தான். அதனால் ரிக்கெற் போட முதல் போன் எடுத்து, மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்து, பதிலை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கேள்விப் படிவத்தை மகனோ மகளோ அவசரத்தில் டிக் பண்ணாமல் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள், ஒரு பதில் பிழைத்தாலும் முழுக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்யலாம்.

ஹோட்டலில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. சாப்பாடு எல்லாம் விலைக்குள் அடங்கிய ஓல் இன்க்ளூசிவ் ஹோட்டல்கள் சில ஒரு சின்ன ஊர் அளவு, அறையிலிருந்து சாப்பாட்டுக்குப் போக வண்டி பிடிக்கவேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாத இடங்களும் உண்டு. கியூபாவை நான் ஒரு காலத்தில் எல்லாருக்கும் சொல்வேன், மலிவு, கிட்ட, வரடேரோ கடற்கரையைப் போல வெள்ளை மணல் வேறெங்கே. ஆனால் 2024 ஒக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் போனது, அதற்குப் பிறகும் அப்படி நடந்திருக்கிறது, மருந்துத் தட்டுப்பாடும் கடுமை. அங்குள்ள மக்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது, ஆனாலும் இன்சுலின் போடுகிற அம்மாவை இப்போது அங்கே கூட்டிப்போகச் சொல்ல மாட்டேன். மெக்சிக்கோவில் கன்கூன், பிளாயா டெல் கார்மென், டொமினிக்கன் குடியரசில் புந்தா கானா பக்கங்களில் சுற்றுலாக்காரரைப் பார்த்துப் பழகிய தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதலே காசு கட்டச் சொல்லலாம், அதனால் இன்சூரன்ஸ் இலக்கமும் கிரெடிட் கார்டும் கையில் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கமும் ஒன்றுதான். மூன்றாம் நாள் அப்பா சோறும் பருப்பும் கேட்பார். ஹோட்டலில் சோறும் பீன்சும் இருக்கும், வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளும் ஊறுகாயும் இருந்தால் சமாளிக்கலாம்.

இன்னொன்று, இது மனதுக்குள் கனநாளாக இருக்கிற விசயம். பல குடும்பங்களில் அம்மா அப்பாவுக்கு விடுமுறை என்று பெயர் வைத்து மார்ச் பிரேக் பள்ளிக்கூட லீவில் எல்லாருமாகக் கிளம்பி, அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டு இளையவர்கள் சுற்றுகிறார்கள். வீட்டில் வருடம் முழுக்கச் செய்த வேலையை அவர்கள் கடற்கரையிலும் செய்கிறார்கள். அம்மம்மா பிள்ளைகளை ஆசையாகத்தான் பார்ப்பா, வாய் திறந்து மறுக்கமாட்டா. அதற்காக அதை விடுமுறை என்று சொல்லலாமா? அவர்களுக்கு வேண்டியது கதைக்கத் தங்கள் வயதில் ஒரு ஆள். ஒரு தங்கை, ஒரு மச்சாள், கோயிலில் கூட இருக்கிற ஒரு சிநேகிதி. ஹோட்டலில் இரண்டு அறை பக்கத்துப் பக்கத்தில் எடுத்து அப்படி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போனால், காலையில் வெயிலில் இருந்து ஊர்க்கதை கதைத்தே நாள் போகும்.

யாருக்குக் கப்பல் சரி? நன்றாக நடக்கிற, தலைசுற்று இல்லாத, மருந்து நீண்ட காலமாக மாறாத, சனக்கூட்டம் பிடித்த ஆட்களுக்குத் தாராளமாகச் சரி. இன்னொரு வகையினருக்கும் சொல்வேன். கணவர் அதிகம் நடக்கமாட்டார், மனைவிக்கு நடக்க ஆசை. கப்பலில் அவர் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க, அவ கவலையில்லாமல் ஒரு சுற்றுப் போய்வரலாம், ஹோட்டலில் அது அவ்வளவு சுலபமில்லை. அவர்களும் தடுப்பில்லாத கபினாகப் பார்த்து எடுக்கட்டும். இரண்டும் வேண்டாம், யாழ்ப்பாணத்துக்கே போறன் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் மறிக்க மாட்டேன். வருமானம் குறைந்த வயதுபோன ஆக்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஜிஐஎஸ் உதவிப்பணம் எடுக்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் அது நின்றுவிடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்திருங்கள்.

எங்கள் வீட்டில் இந்த முறை தைப்பொங்கல் முடிந்த பிறகு புந்தா கானா. நத்தார் விலையோடு பார்த்தால் அப்போது நல்ல மலிவு. அம்மா, அப்பா, கூடச் சின்னம்மா, உதவிக்கு நான். கீழ்மாடி அறை, தடுப்பில்லாமல் நடந்து உள்ளே போகிற ஷவர் என்று ஹோட்டலிடம் மின்னஞ்சலில் உறுதி வாங்கியாயிற்று. விமான நிலைய வீல்செயருக்குக் காசில்லை, ஆனால் 48 மணித்தியாலத்துக்கு முன்பே விமானக் கம்பனிக்குச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரைக் கப்பலில் கூட்டிப்போய் நல்லபடி வந்தவர்கள் இருந்தால் எந்தக் கப்பல், எந்தத் தளம், பாத்ரூம் வாசல் எப்படி என்று கீழே எழுதுங்கள். இந்த மாதமே முடிவெடுக்க இருக்கிற குடும்பங்கள் பல என் பட்டியலில் இருக்கின்றன.