பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது: வட்டியும் தோட்டச் சம்பளமும்

இலங்கையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த செப்டெம்பரில் 1.3. உடனே "வட்டியைக் கூட்டினார்கள், விலைவாசி இறங்கிவிட்டது" என்று ஒரு பேச்சு. விலைவாசி எங்கே இறங்கியது? ஏறுகிற வேகம்தான் குறைந்தது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 2022 இல் 169.80 ரூபா. 2023 இல் 172 ரூபா. அந்த 1.3 கூட 169.80க்கு மேலே ஏறியதுதான்.

வட்டி என்ன செய்தது என்று பார்ப்போம். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. துணைநில் வைப்பு வசதி வீதம் 6.5 இலிருந்து 13.5க்குப் போனது. வங்கிகள் கையில் மிஞ்சும் காசை ஓரிரவு மத்திய வங்கியில் போட்டுவைத்தாலே வருடத்துக்கு 13.5 சதவீதம் என்ற கணக்கில் வட்டி கிடைத்தது. அதைவிடக் குறைத்து நமக்கு யார் கடன் தருவார்கள்? வீட்டு வேலை நிற்கும், வாகனம் வாங்குவது தள்ளிப்போகும், கடைக்காரர் சரக்கு குறைவாக எடுப்பார். வாங்க ஆள் குறைந்தால் விலை கூட்டவும் தயங்குவார்கள். இது நடந்து முடிய மாதக்கணக்கில் ஆகும். ஏப்ரலில் கூட்டியும் செப்டெம்பர் வரை பணவீக்கம் ஏறிக்கொண்டே போனதற்கு அது ஒரு காரணம். டீசலும் உரமும் வட்டிக்குக் கட்டுப்படாதது இன்னொரு காரணம்.

முழுப் புகழையும் வட்டிக்குக் கொடுக்கவும் முடியாது. 360 ரூபா வரை போன டொலர் 2023 இல் இறங்கியது. முந்திய வருட விலை உச்சியில் இருந்ததால் ஒப்பீடும் சிறியதாகத் தெரிந்தது. என் கருத்தில் கூட்டியது சரிதான். 2020 இல் அதே வீதத்தை 4.5க்கு இறக்கிவிட்டு, அரசாங்கத்துக்குப் பணம் அச்சடித்துக்கொண்டே இவ்வளவு காலம் காத்திருந்ததுதான் பிழை.

மலையகத்தில் வங்கிக் கடன் எடுத்தவர் குறைவு. வட்டி நம் வீட்டுக்குள் வருவது லீசிங்கிலும் அடகிலும்தான். ஆட்டோவுக்கு 10 இலட்சம், 60 மாதத் தவணை என்று வையுங்கள். 12 சதவீதத்தில் மாதம் 22,244 ரூபா. 28 சதவீதத்தில் ஏறத்தாழ 31,100. நிலையான வட்டியில் முன்பே கையெழுத்துப் போட்டவருக்குத் தவணை கூடாது. ஆனால் இரண்டு மூன்று தவணை தவறி, "திரும்ப எழுதித் தருகிறோம்" என்று சொன்னால் கவனம்: பெரும்பாலும் அது அன்றைய வட்டியில் புதுக் கடன். வட்டி இறங்கும்போது பழைய ஒப்பந்தம் தானாக இறங்காது. முன்கூட்டித் தீர்க்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி, புதுக் கடனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடகும் அப்படியே. சீட்டில் உள்ள வீதத்தையும் இன்றைய வீதத்தையும் பாருங்கள். வித்தியாசம் பெரிதென்றால் திருப்பி மறுபடி வைப்பது இலாபம். தவணைத் தேதியைத் தவறவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

இனிச் சம்பளம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2023 செப்டெம்பரிலும் அதே 1,000தான். இரண்டு வருடத்துக்கு முந்திய விலைக்கு அது 581 ரூபாவுக்குச் சமம். இதுவும் கொழும்புச் சுட்டெண்ணில் எடுக்கும் பொருட்கூடையை வைத்த கணக்கு. அதில் உணவுக்கு ஏறத்தாழ கால் பங்குதான். லயத்து வீட்டில் சாப்பாட்டுக்கே சம்பளத்தில் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும். ரூபா விழுந்த 2022 இல் கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ரூபாக் கணக்கில் ஏறத்தாழ இரட்டிப்பானது. கம்பனிகளுக்கு உரச் செலவு கூடியது, விளைச்சல் குறைந்தது, உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு ரூபாகூட நாள் சம்பளத்தில் சேரவில்லை.

2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. 2021 செப்டெம்பரில் 1,000 ரூபா வாங்கிய பொருளை அப்போது வாங்க 1,710 ரூபா வேண்டும். ஆகவே தோட்டத் தொழிற்சங்கங்கள் நாளுக்கு 1,700 ரூபா கேட்டது சம்பள உயர்வே அல்ல, பழைய சம்பளத்தைத் திருப்பிக் கேட்டது. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் சுட்டெண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.